பொம்மையிடம் சொன்ன விளைச்சல்

மே 6

எல்லாப் பாத்தியிலும் தூர் எண்ணி முடித்தாயிற்று. ஒரு கோதுமைச் செடியில் எத்தனை தண்டு கிளைத்திருக்கிறது என்று குனிந்து எண்ணுவதற்குத்தான் நான் கல்லூரிக்குப் போனேன் என்பது அம்மாவின் கருத்து. "வீட்டுல கீரை ஆயச் சொன்னா இடுப்பு வலிக்குது. அங்க மட்டும் வலிக்காதா?"

அப்பா அப்படி இல்லை. அவர் பஸ் கண்டக்டர், பேச்சே வேறு. பேருந்தில் டிக்கெட் கிழிக்கிற கையோடு, "என் பொண்ணு கோதுமை டாக்டர்" என்று பயணிகளிடம் சொல்கிறாராம். நேற்று ஒருவர், "அப்படின்னா சர்க்கரைக்குக் கோதுமை நல்லதான்னு கேட்டுச் சொல்லுங்க" என்றாராம். அவர் இறங்கும் நிறுத்தம் வருவதற்குள் அப்பா தானே யோசித்து, "நல்லதுதான், ஆனா அளவோட" என்று சொல்லிவிட்டார். என் பட்டம் எனக்கு முன்னால் ஊருக்குள் வேலை பார்க்க ஆரம்பித்துவிட்டது.

மே 19

உவர் நிலத்துக்குப் போய் வந்தோம். ஜீப்பில் முதுகெலும்பு ஒவ்வொன்றாகக் கழன்று மறுபடி பூட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது.

வசந்தத்தில் விதைக்கிற கோதுமையில் நான்கு ரகம். அதே நான்கையும் இரண்டாம் வருஷமாக மூன்று இடத்தில் போட்டிருக்கிறோம்: எங்கள் ஆராய்ச்சிப் பண்ணையின் நல்ல மண், மேட்டு நிலம், ஆறு கடலில் சேரும் இடத்து உவர் நிலம். எது அதிகம் விளைகிறது, எது எந்த மண்ணையும் சமாளிக்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றல்ல. இதை அக்காவுக்கு விளக்கப் போய், கடைசியில் உறவுக்காரர்களை வைத்துத்தான் விளக்க முடிந்தது.

பதினேழாம் எண் ரகம் எங்கள் பெரிய மாமா. தன் வீட்டில் ராஜா. வெளியூர் போனால் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது, தலையணை உயரம் சரியில்லை, இரண்டாம் நாளே படுத்துவிடுவார். நாற்பத்திரண்டு எங்கள் சித்தி. பார்க்க ஒன்றும் இல்லை. ஆனால் எந்த வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றிய மறு நிமிஷம் அடுக்களையில் நின்று, "என்ன நறுக்கணும்?" என்று கேட்பாள்.

அக்கா சிரித்துவிட்டு, "சரி, யாரு ஜெயிப்பாங்க?" என்றாள். எங்கள் வீட்டுக் கல்யாணம் எல்லாவற்றிலும் மாமா மேடையில் இருப்பார், சித்தி பந்தியில் பரிமாறுவாள். ஜெயிப்பது யார்?

ஜூன் 4

கெட்ட செய்தி.

பெரியவர் கூப்பிட்டார். பண்ணையின் தலைவர், எல்லாரும் அவரைப் பெரியவர் என்றுதான் சொல்கிறோம். பதினேழை உருவாக்கியவர் அவர். பதினொரு வருஷம். அதை ரகம் என்றுகூடச் சொல்ல மாட்டார், "நம்ம பையன் எப்படி இருக்கான்?" என்பார்.

"அடுத்த மாசம் வயல் நாள். மூணு இடத்து விவசாயிங்களும் வருவாங்க. விதைக்கு அங்கேயே பதிவு. ரகங்களைப் பத்தி நீதான் பேசணும்."

"நானா சார்?"

"நானே என் ரகத்தைப் புகழ்ந்தா நல்லாவா இருக்கும்?"

அவருக்கு வெட்கம். அதற்கு என் வாய் வேண்டும். எனக்கு வெட்கம் என்றால் யார் வாயைக் கேட்பது?

ஜூன் 5

பேச முடியாது என்று சொல்வதற்காக அவர் அறைக்குப் போனேன். அதைச் சொல்லவும் பேச வேண்டியிருந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

ஜூன் 8

அப்பா பயிற்சி கொடுக்க ஆரம்பித்துவிட்டார். கூடத்தின் இந்த மூலையில் நான், அந்த மூலையில் அவர். "வண்டி நிறையக் கூட்டம், கடைசி சீட்டுக்காரன் டிக்கெட் வாங்கலே. கூப்பிடு அவனை!"

"சார்..."

"அவன் இறங்கியே போயிட்டான்."

பக்கத்து வீட்டு அம்மா ஜன்னலைத் திறந்து என்ன சண்டை என்று கேட்டார். அப்பா குரலுக்குத்தான். என் குரல் எங்கள் கூடத்தைக்கூடத் தாண்டவில்லை.

ஜூன் 17

கதிரில் பால் பிடித்துவிட்டது. குருவிகளும் வந்துவிட்டன. முதலில் முற்றுகிறது என்பதால் நேராகப் பதினேழுக்குத்தான் வருகின்றன. பெரியவர் வீட்டிலிருந்து தன் பழைய மழைக்கோட்டையும் தொப்பியையும் கொண்டுவந்து (அவர் மனைவி பல வருஷமாகத் தூக்கிப் போடச் சொல்கிறாராம்) பதினேழின் பாத்தியில் தானே ஒரு பொம்மை நட்டார். கோதுமை வயலில் நின்றாலும் அதற்குச் சோளக்கொல்லை பொம்மை என்றே பெயர்.

தூரத்திலிருந்து பார்த்தால் அசல் அவரேதான். அதே கூன், அதே தொப்பிச் சாய்வு. கிடங்குக்காரர் மத்தியானம் வரப்பில் உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து பார்த்து, பத்திரிகையைச் சட்டைக்குள் திணித்து, எழுந்து நின்று வணக்கம் வைத்தார். பொம்மை பதில் வணக்கம் வைக்கவில்லை. "ஏதோ கோபத்துல இருக்காரு போல" என்று என்னிடம் வந்து சொன்னார். நான் விளக்கவில்லை. சாயந்திரம் வரை நன்றாக வேலை செய்தார்.

குருவிகள்தான் பயப்படவில்லை. தொப்பி மேல் உட்கார்ந்து சாப்பிடுகின்றன.

ஜூன் 23

எழுதவே கூச்சமாக இருக்கிறது. காலையில் அலுவலகம் திறப்பதற்கு முன் போய், பொம்மை முன்னால் நின்று பேசிப் பார்த்தேன்.

அது பெரியவர் மாதிரியும் இருக்கிறது, பெரியவராகவும் இல்லை. இதைவிட வேறென்ன வேண்டும்? "ஐயா, கோவிச்சுக்காதீங்க" என்று ஆரம்பித்தேன். அது கோபித்துக்கொள்ளவில்லை. முதன்முறையாக ஒரு முழு வாக்கியம் முடிவு வரைக்கும் வந்தது.

கொஞ்சம் தள்ளிக் களை எடுக்கிற பெண்கள் குனிந்தபடி இருந்தார்கள். அவர்களுக்கு அவர்கள் வேலை. நான் இருப்பதையே கவனித்த மாதிரி தெரியவில்லை.

ஜூன் 27

ஐந்தாவது நாள். மூன்று நிலத்தையும் சொல்லி முடித்தேன். பெரிய மாமா, சித்தி உதாரணமும் சேர்த்துவிட்டேன், கோர்வையாக வருகிறது. பொம்மைக்கு நகைச்சுவை புரியும் என்று தோன்றுகிறது. காற்றில் தோள் குலுங்கியது.

களைப்பெண்களில் மூத்தவர், சிவப்புத் தலைத்துண்டு கட்டிய அக்கா, தண்ணீர் குடிக்கப் போகும்போது என்னைப் பார்த்து, "என்ன டீச்சரம்மா, சௌக்கியமா?" என்றார். ஏன் டீச்சர்? யாரோடாவது குழப்பிக்கொண்டிருப்பார்.

ஜூலை 2

பேச்சை எழுதிப் பெரியவரிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டு படித்தார். முதல் பக்கத்துக்குத் தலையாட்டினார். பண்ணை மண்ணில் போன வருஷம் பதினேழுதான் முதல், அது உண்மை, எடை போட்டது நான்தான். இரண்டாம் பக்கத்தில் பேனாவை எடுத்தார்.

மேட்டு நிலம் – கோடு. உவர் நிலம் – கோடு. "ஆனால்" என்ற சொல்லின் மேல் மட்டும் இரண்டு கோடு.

"இதெல்லாம் அறிக்கையில இருக்குல்ல? வேணுங்கறவங்க படிச்சுக்கட்டும். வயல்ல வெச்சுக் குறை சொல்லக் கூடாதும்மா. பையனைப் பொண்ணு பார்க்க வந்திருக்கற நேரத்துல, குறட்டை விடுவான்னு யாராவது சொல்லுவாங்களா?"

"சரி சார்" என்றேன். நான் எப்போதும் அப்படித்தான் சொல்கிறேன்.

ஜூலை 3

தூக்கம் சரியில்லை.

அறிக்கையை யார் படிப்பார்கள்? நானே இரண்டு தடவை தூங்கிவிட்டேன். உவர் நிலத்துக்காரர்கள் வருவார்கள், இங்கே நெஞ்சுயரம் நிற்கிற பதினேழைப் பார்ப்பார்கள், பதிவு செய்துகொண்டு போவார்கள். போன வருஷம் அங்கே அது என்ன ஆயிற்று என்று நான் பார்த்தேன். இலை ஓரமெல்லாம் தீய்ந்து, கதிருக்குள் மணி சுருங்கிச் சீரகம் மாதிரி. நம்பி விதைத்தால் அவர்களுக்கு ஒரு வருஷம் போச்சு. ஒரு வருஷச் சாப்பாடு அது. விளையாட்டா?

சொன்னால் எனக்கு வேலை போச்சு. ஆகஸ்டோடு முடிகிற தற்காலிக வேலை. நீட்டிப்பதற்குப் பெரியவர் கையெழுத்து வேண்டும். அப்பா ஊரெல்லாம் டாக்டர் டாக்டர்னு சொல்லி வெச்சிருக்காரே, நான் என்ன செய்யறது?

ஜூலை 4

பொம்மையிடம் மட்டும் முழுவதையும் சொன்னேன். அதன் கையில் பேனா இல்லை.

ஜூலை 11

தினமும் இரண்டு பேச்சு. வீட்டில் அப்பாவுக்குக் கோடு போட்ட பேச்சு, வயலில் பொம்மைக்குக் கோடு போடாத பேச்சு. இரண்டாவதுதான் நன்றாக வருகிறது. "ஆனால்" என்று சொல்லி ஒரு மூச்சு இழுத்துவிட்டு மேட்டு நிலத்துக்குப் போகிறேன். நேற்று பேருந்து கிடைக்காமல் தாமதமாகப் போய்ப் பேசாமல் விட்டுவிட்டேன். சிவப்புத் துண்டு அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். காரணம் தெரியவில்லை.

ஜூலை 23

நாளைக்கு வயல் நாள். கோடு போட்ட பேச்சையே பேசுவதாக முடிவு செய்துவிட்டேன். கோழை. சரி, கோழைதான். கோழைகளுக்கும் வயிறு இருக்கிறது. அம்மா என் சட்டையைத் தேய்த்து ஆணியில் மாட்டியிருக்கிறாள். அதைப் பார்த்தால் நான் அதற்குள் ஏற்கெனவே நிற்கிற மாதிரியும், பேசாமல் நிற்கிற மாதிரியும் இருக்கிறது.

ஜூலை 24

எங்கிருந்து ஆரம்பிப்பது.

அப்பா விடுப்பு எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். சீருடையோடு! "துவைச்சது இதுதான் இருந்துச்சு" என்றார். நான் நம்பவில்லை. விவசாயிகள் பாதையில் முட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் அவருக்குக் கை பரபரத்துவிட்டது. "முன்னாடி நகருங்க, முன்னாடி நகருங்க! உள்ளே எடம் இருக்கு!" மொத்தக் கூட்டமும் பணிவாக நகர்ந்து நாற்பத்திரண்டின் ஓர வரிசைக்குள் கால் வைத்தது. பெரியவர் இது யார், எந்தத் துறை அதிகாரி என்று என்னைக் கேட்டார். "தெரியலை சார்" என்றேன். பெற்ற அப்பாவை.

என் முறை வந்தது. குரலும் வந்தது. எனக்கே ஆச்சரியம். பண்ணை மண், பதினேழு, தண்டு, கதிர், முதல் இடம், எல்லாம் ஒழுங்காகச் சொன்னேன். பெரியவர் தரையைப் பார்த்து அடக்கமாகச் சிரித்துக்கொண்டார். "நன்றி" என்று முடித்தேன். கைதட்டல். அதற்குள் உவர் நிலத்திலிருந்து வந்த ஒருவர், நரைத்த மீசைக்காரர், பதிவு மேசைக்கு முதல் ஆளாக நடக்க ஆரம்பித்தார்.

அப்போது பின்னால், தேநீர் வாளிப் பக்கமிருந்து, சிவப்புத் துண்டு அக்கா:

"டீச்சரம்மா! பாதியிலேயே நிறுத்திட்டீங்களே!"

எல்லாரும் திரும்பினார்கள்.

"மேட்டு நிலம் எங்கே? உவர் நிலம் எங்கே?"

"பயத்துல மறந்துட்டா, பாவம்" என்று இன்னொரு பெண். "அடுத்து 'ஆனால்' வரணும் பாப்பா. 'ஆனால்'னு சொல்லிட்டு ஒரு மூச்சு இழுப்பியே."

"மேட்டு நிலத்துல கதிர் நீளமா இருக்கும், உள்ளே காத்துதான் இருக்கும்" என்று மூன்றாவது பெண் பாடம் ஒப்பிக்கிற மாதிரி எடுத்துக் கொடுத்தாள். "அப்புறம் சீரகம்."

"அதுக்கு நடுவுல பெரிய மாமா கதை வரும்டி. அதையும் விட்டுட்டா."

"எந்தப் பெரிய மாமா?" என்று கூட்டத்துக்குள்ளிருந்து அப்பா.

ஐயோ. எல்லாம் கேட்டிருக்கிறார்கள். குனிந்தபடி, களை பிடுங்கியபடி, ஒரு மாதமாக, ஒவ்வொரு வார்த்தையையும். நான் மறந்துவிட்டேன் என்றே நினைத்து, எனக்கு உதவி செய்கிறார்கள். அந்த முகங்களில் அப்படி ஒரு அக்கறை.

பெரியவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. மீசைக்காரர் மேசைக்குப் போகாமல் நின்றுவிட்டார். "உவர் நிலத்துல என்னம்மா ஆச்சு? எங்க நிலம் அதுதான்."

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். இல்லை, அந்த அக்காக்கள் ஏதோ உளறுகிறார்கள் என்று சொல்லியிருக்கலாம். இரண்டாவதைச் சொல்ல வாய் திறந்தேன் என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன். சிவப்புத் துண்டு அக்கா உதடு அசைத்துக்கொண்டிருந்தார், சத்தமில்லாமல், சொல்லு சொல்லு என்று. பரீட்சை அறைக்கு வெளியே நிற்கிற அம்மா மாதிரி.

பெரியவர் பக்கம் திரும்பினேன். பழக்க தோஷம், வாயில் அதுதான் வந்தது: "ஐயா, கோவிச்சுக்காதீங்க."

அப்புறம் நிற்கவில்லை. ஆனால், மூச்சு, மேட்டு நிலம், உவர் நிலம், சீரகம். நாற்பத்திரண்டு எங்கேயும் முதலாவது இல்லை, எங்கேயும் படுக்கவும் இல்லை என்று சொன்னேன். மாமாவையும் சித்தியையும்கூடச் சொன்னேன். கூட்டம் சிரித்தது. அப்பா மட்டும் முதலில் சிரிக்கவில்லை, பெரிய மாமா என்றது தன் அக்கா புருஷனை இல்லை, அம்மாவின் அண்ணனை என்று புரிந்ததும் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

மீசைக்காரர் பெரியவரிடமே கேட்டுவிட்டார். "நீங்க சொல்லுங்க ஐயா. எனக்கு எது?"

பெரியவர் தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். "தண்ணி பாயுற நல்ல மண்ணா இருந்தா பதினேழு."

"என் நிலம் உவர்தான் ஐயா."

பெரியவர் பதினேழின் பாத்தியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"நாற்பத்திரண்டு வாங்கிக்கோ" என்றார். பிறகு ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டார். ஓட்டுநர் தேநீர் குடித்துக்கொண்டிருந்ததால் ஜீப் போகவில்லை. ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

ஜூலை 25

களைப்பெண்கள் ஓடி வந்தார்கள். "நல்லா எடுத்துக் கொடுத்தோமா?"

என்ன சொல்வேன்? "ரொம்ப நல்லா அக்கா" என்றேன்.

"அன்னிக்கு ஒரு நாள் நீ வரலே பாரு, எங்களுக்குக் கையே ஓடலே. ரேடியோ நின்னு போன மாதிரி. இனிமே என்ன பேசப் போறே?"

இனிமேல் என்னை யார் பேச விடப் போகிறார்கள்.

ஜூலை 28

பெரியவர் பேசவில்லை. எதிரே வந்தால் கோதுமையைப் பார்க்கிறார். கோதுமை இல்லாத இடத்தில் சுவரைப் பார்க்கிறார்.

வீட்டில் அப்பா வேறு வகை. "என்ன தொண்டை! கடைசி சீட் வரைக்கும் கேட்டுச்சு!" வேலை போகலாம் என்று சொன்னேன். டிக்கெட் பையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு, "என் பொண்ணு டாக்டர்னு சொன்னேன்ல, தப்பா மருந்து கொடுத்தான்னு யாரும் சொல்ல முடியாது" என்றார். டாக்டர் பட்டத்தை அவர் விடுவதாக இல்லை.

ஆகஸ்ட் 13

அறுவடை முடிந்து எடை போட்டோம். தராசின் அந்தப் பக்கம் பெரியவர், இந்தப் பக்கம் நான். பண்ணை: பதினேழு முதல். அவர் முகம் மலர்ந்தது, எனக்கும் மலர்ந்தது. உண்மையாகவே அழகான மணி. மற்ற இரண்டு இடத்து மூட்டைகளையும் பிரித்தோம். உவர் நிலத்துப் பதினேழை உள்ளங்கையில் கொட்டி விரலால் பரப்பிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"சீரகம்னா சொன்னே?"

"ஆமா சார்."

"சீரகம்கூட இல்லைம்மா இது."

வயல் நாளுக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு.

ஆகஸ்ட் 30

மூன்று மாதம் நீட்டிப்பு. மூன்றே மாதம். அம்மா, "முழுசா ஒரு வருஷம் கொடுத்தா அவங்களுக்குக் கை சுளுக்கிக்குமா?" என்கிறாள்.

நவம்பர் 28

இன்னொரு மூன்று மாதம். சொட்டு மருந்து மாதிரி.

ஜனவரி 21

வெளியே குளிர். செடி வளர்க்கிற கண்ணாடிக் கூடத்துக்குள் மட்டும் வெயில் காலம். பெரியவர் தொட்டியில் வளர்த்த பதினேழையும் நாற்பத்திரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். இரண்டும் பூக்கத் தயாராக நின்றன. இடுக்கியை என்னிடம் நீட்டினார்.

"எனக்குக் கை நடுங்குது. நீ எடு."

நாற்பத்திரண்டு தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்ளாமலிருக்க, அதன் கதிரிலிருந்து மகரந்தப் பைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுக் காகிதப் பை கட்டினேன். இரண்டு மூன்று நாளில் பதினேழின் மகரந்தத்தை அதில் தூவ வேண்டும். மாமாவின் உயரமும் எதையும் தாங்கும் சித்தியின் உடம்பும் ஒரே பிள்ளைக்கு வருமா என்று பார்ப்பதற்கு.

"சார், இது ரகமா வெளியே வர எத்தனை வருஷம் ஆகும்?"

"பத்து, பதினொண்ணு. நான் அப்போ வீட்டுல பூந்தொட்டிக்குத் தண்ணி ஊத்திட்டு இருப்பேன். நீ பார்த்துக்கோ." காகிதப் பையில் தன் பெயரை எழுதினார். கொஞ்சம் இடம் விட்டுப் பேனாவை என்னிடம் கொடுத்தார். நானும் எழுதினேன். கையெழுத்து கோணலாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். பிப்ரவரியோடு முடிகிற வேலையில் இருப்பவளிடம் பதினொரு வருஷ வேலையைக் கொடுத்தால் என்னம்மா அர்த்தம்?

அம்மா என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மோந்து பார்த்து, கழுவும் தொட்டியில் போட்டாள். "அர்த்தம் என்ன அர்த்தம்? இந்த மூடி சரியாப் பொருந்தலே. பதினொரு வருஷம் தாங்கற மாதிரி புது டப்பா ஒண்ணு வாங்கணும்."